வண்டுக்குப் படியளக்கும் வரப்புப் பூக்கள்

அரவக்குறிச்சி – மூலனூர் வறண்ட பூமியில் முருங்கைக்கும் கத்தரிக்கும் துணை நிற்கும் ஆவாரை, எருக்கு, நொச்சி

திண்டுக்கல்லில் இருந்து கரூர் போகும் நான்கு வழிச்சாலையின் நடுத்திட்டில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அரளி. இளஞ்சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பூத்துக் கிடக்கும். மழை பொய்த்த வருடத்திலும் அரளி வாடுவதில்லை. ஆடு, மாடு வாய் வைப்பதில்லை. எதிர் வண்டியின் விளக்கு கண்ணில் அடிக்காமல் மறைக்கிறது. புகையையும் தூசியையும் தாங்குகிறது. நெடுஞ்சாலைக்கு அது பொருத்தமான செடி என்பதில் சந்தேகம் இல்லை.

ஆனால், அத்தனை ஆயிரம் பூவிலும் ஒரு தேனீயைக் காண்பது அரிது. லாரிச் சத்தத்துக்குப் பயந்து பூச்சிகள் வராமல் இருக்கின்றன என்று நினைக்கத் தோன்றும். அரளியைத் தோட்டத்து மூலையில் வைத்தாலும் இதே கதைதான். அந்தப் பூவில் தேன் கிடையாது. நிறத்தையும் வாசத்தையும் நம்பி வரும் பூச்சி, ஒன்றும் கிடைக்காமல் திரும்பிவிடும். அப்படி ஏமாந்து வந்து போகும் பூச்சியால் எப்போதாவது ஒரு காய் பிடிப்பதோடு சரி.

வேடசந்தூரைத் தாண்டி, அரவக்குறிச்சி பிரிவில் இறங்கி, பள்ளபட்டி பக்கம் திரும்பினால் நிறம் மாறுகிறது. மார்கழி மாதத்துக் காலையில் ரோட்டு ஓரமெல்லாம் மஞ்சள். யாரும் நடாத, யாரும் தண்ணீர் விடாத ஆவாரை. இங்கே நிறத்தைவிடச் சத்தம்தான் முதலில் ஆளை நிறுத்தும். புதருக்குப் பக்கத்தில் போய் நின்றால் 'ர்ர்ர்... ர்ர்ர்' என்று விட்டுவிட்டு ஓர் அதிர்வு கேட்கும். கட்டைவிரல் பருமனில் கன்னங்கரேலென்று ஒரு வண்டு, பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உலுக்கும் சத்தம் அது.

இந்தச் சத்தத்துக்கும், சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் முருங்கைத் தோட்டத்துக்கும், கத்தரிக் காட்டுக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது.

மழை மறைவுப் பூமி

அரவக்குறிச்சி, பள்ளபட்டி, சின்னதாராபுரம், மூலனூர், தாராபுரம் என்று மேற்கே நீளும் இந்த வட்டாரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலை வாங்கிக்கொள்ள, இந்தப் பக்கம் வந்து சேர்வது காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று மண்ணில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடும். தாராபுரம், உடுமலைப் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளே இதற்குச் சாட்சி. பயிருக்கு நம்பிக்கை வடகிழக்குப் பருவமழைதான். அதுவும் ஒரு வருடம் பெய்தால் அடுத்த வருடம் ஏமாற்றும். நங்காஞ்சியாற்றில் தண்ணீர் ஓடும் நாட்கள் குறைவு.

மண்ணும் தாராளமானது அல்ல. செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டாங்காடு. பல இடங்களில் இரண்டடி தோண்டினால் சுண்ணாம்புக் கல். இந்த மண்ணுக்கு ஒத்துவந்த பயிர் முருங்கை. மூலனூர்க் குட்டை முருங்கை என்று ரகத்துக்கே ஊர்ப்பெயர் உண்டு. தண்ணீர் வசதி உள்ள இடங்களில் கத்தரி, தக்காளி, மிளகாய், பந்தல் காய்கறிகள் என்று வெள்ளாமை. கொஞ்சம் தெற்கே போனால் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை இருப்பதால், காய்க்கு எப்போதும் போக்கிடம் உண்டு.

இப்படிப்பட்ட மண்ணில், எந்தக் கவனிப்பும் இல்லாமல் பல வருடம் நிலைத்து நிற்கும் பூச்செடிகளின் பட்டியல் ஆச்சரியப்படும் அளவுக்கு நீளமானது. ஆவாரை, எருக்கு, நொச்சி, ஆடாதொடை, செம்முள்ளி, கொழுஞ்சி, துத்தி என்று பொழிகளிலும் வேலி ஓரங்களிலும் வழித்தடங்களிலும் நிற்கின்றன. ஆவாரையின் ஆணிவேர் சரளையைத் துளைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடும். எருக்கின் இலையில் மெழுகும் வெண்ணிறப் பஞ்சும் படிந்து வெயிலைத் தள்ளும். 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்ற பழமொழி மருந்துக்காகச் சொல்லப்பட்டது. வறட்சியில் அந்தச் செடியே சாகாமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அதில் இன்னொரு பொருளும் தெரியும்.

ஆவாரைக்கு இந்தப் பக்கம் ஒரு தொழில் வரலாறும் உண்டு. தென்னிந்தியாவில் தோல் பதனிடும் தொழில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையை நம்பித்தான் நடந்தது. தோல் ஷாப்புகளுக்குப் பேர்போன திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள வறண்ட காடுகளில் ஆவாரைக்கு விலை இருந்தது. வெளிநாட்டு வாட்டில் பட்டையும் ரசாயனப் பதனமும் வந்த பிறகு அந்த மதிப்பு போனது. விலை போனதும், பார்வையில் அது வெறும் புதராகிவிட்டது.

உப்பு டப்பாவும் கருவண்டும்

ஆவாரம்பூவில் தேன் இல்லை. ஆனால், அது அரளியைப் போல ஏமாற்றுவதில்லை. வரும் வண்டுக்கு மகரந்தத்தைக் கூலியாகக் கொடுக்கிறது. அந்தக் கூலியையும் எல்லோருக்கும் அள்ளி விடுவதில்லை. மற்ற பூக்களில் மகரந்தப்பை வெடித்துத் தூள் வெளியே கிடக்கும். ஆவாரையின் பை வெடிக்காது. நுனியில் ஒரு சிறு துளை மட்டும் இருக்கும். உப்பு டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குவது மாதிரி உலுக்கினால்தான் தூள் கொட்டும்.

அந்த வித்தை தெரிந்தவர் கருவண்டு. பெயர்தான் வண்டு, உண்மையில் இது தனித்து வாழும் பெரிய தேனீ. காய்ந்த மரத்தில் துளை போட்டுக் குடியிருப்பதால் தச்சுத் தேனீ என்றும் சொல்வார்கள். பூவைக் கால்களால் கவ்விக்கொண்டு, இறக்கையை அடிக்காமல், பறப்பதற்கான மார்புத் தசையை மட்டும் வேகமாக அதிர வைக்கும். அதுதான் ரோட்டோரத்தில் கேட்கும் சத்தம். மேலே இருக்கும் சிறு பைகளை வண்டு சாப்பாட்டுக்காக உலுக்கிக்கொண்டிருக்க, கீழே வளைந்து நீண்டிருக்கும் பெரிய பைகளின் மகரந்தம் அதன் உடம்பில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போய்ச் சேரும்.

பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீக்கும், கொம்புத் தேனீக்கும், மலைத்தேனீக்கும் இந்த உலுக்கல் தெரியாது. கருவண்டு சிந்திவிட்டுப் போனதைப் பொறுக்கிக்கொள்வதோடு சரி. கருவண்டைத் தவிர இந்த வேலை தெரிந்த இன்னொருவர், மண் சுவரிலும் கரை மேட்டிலும் துளை போட்டு வாழும் நீலப்பட்டைத் தேனீ. வயிற்றில் நீலக் கோடு கோடாக, ஓரிடத்தில் நிற்காமல் பறந்துகொண்டிருக்கும்.

கத்தரிப்பூவை எடுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். நடுவில் கூம்பு போல நிற்கும் மஞ்சள் பைகள் ஒவ்வொன்றின் நுனியிலும் அதே துளை இருக்கும். கத்தரியும் உப்பு டப்பாதான். தக்காளியும் ஏறக்குறைய அப்படியே. காற்று அசைத்தாலும் ஓரளவு காய் பிடிக்கும். உலுக்கத் தெரிந்த தேனீ வந்து போனால் காய்ப்பிடிப்பு கூடும். விதை நிறையப் பிடித்து, காய் கோணாமல் திரளும். கத்தரிக் காட்டில் பெட்டித் தேனீ வைத்தும் எதிர்பார்த்த பலன் இல்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

முருங்கைப்பூவில் தேன் உண்டு. உலுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால், பூவின் அமைப்பு கனமான பூச்சிக்கு ஏற்றது. கருவண்டு வந்து உட்கார்ந்து உள்ளே தலையை நுழைக்கும்போது மகரந்தமும் சூல்முடியும் அதன் உடம்பில் படும். முருங்கைப் பூவை ஆராய்ந்த தாவரவியலாளர்கள் கருவண்டுகளையே அதன் முக்கிய மகரந்தச் சேர்க்கையாளர்களாகக் குறித்திருக்கிறார்கள். ஆக, இந்த வட்டாரத்தின் இரண்டு பெரிய காசுப் பயிர்களுக்கும் ரோட்டோரத்து ஆவாரைக்கும் வேலைக்காரர் ஒருவரேதான்.

முருங்கை பூக்காத மாதங்கள்

முருங்கை தோட்டம் முழுக்கப் பூத்து நிற்கும்போது கருவண்டுக்கு எந்தக் குறையும் இல்லை. சிக்கல் வருவது மற்ற மாதங்களில். கவாத்து செய்துவிட்ட தோட்டத்திலும், அடைமழையில் பூ உதிர்ந்துபோன தோட்டத்திலும் ஒரு வாய் தேன் கிடைக்காது. பெட்டித் தேனீ மாதிரி இது தேனைச் சேமித்து வைக்கும் இனம் இல்லை. அன்றாடம் தேடி அன்றாடம் சாப்பிடுவது. இரண்டு மாதம் பூ இல்லை என்றால் வேறு இடம் தேடிப் போகும், இல்லை செத்துப்போகும். மறுபடி முருங்கை பூக்கும்போது, 'பூ கொட்டுது, பிஞ்சு நிக்கல' என்று டானிக் வாங்க ஓட வேண்டியிருக்கும். பூ கொட்டுவதற்குத் தண்ணீர், சத்து, வெயில் என்று வேறு காரணங்களும் உண்டு. வண்டு இல்லாததும் அதில் ஒன்று என்பதுதான் கணக்கில் வருவதில்லை.

வரப்புப் பூக்கள் இந்த இடைவெளியைத்தான் அடைக்கின்றன. ஆவாரை வருடத்தில் பல மாதங்கள் பூக்கும். மழைக்குப் பிறகு, ஐப்பசியில் இருந்து தை வரை பூத்துக் குலுங்கும். அது கொடுப்பது மகரந்தம், அதாவது குஞ்சுகளுக்கான சாப்பாடு. பறக்கிற வண்டுக்குத் தேன் வேண்டும். அதைக் கொடுப்பது எருக்கு. கடுங்கோடையிலும் பூத்திருக்கும் எருக்கம்பூவில் கருவண்டு இல்லாத நாள் குறைவு. மழைக்காலம் முடிந்து பனிக்காலத்தில் செம்முள்ளியும் ஆடாதொடையும் பூக்கும். நொச்சி தண்ணீர் கண்டபோதெல்லாம் துளிர்த்து ஊதாக் கதிர் விடும். சிறு தேனீக்களுக்கு அது விருந்து. சித்திரையில் வேம்பும் புங்கனும் பூக்கும்.

நாளுக்குள்ளும் ஒரு முறை உண்டு. காலையில் ஆவாரை, வெயில் ஏறியதும் வாசலில் பத்துமணிப்பூ, பிற்பகலில் துத்தி. எந்த நேரத்தில் பறந்தாலும் ஏதோ ஒரு பூ திறந்திருக்கும்.

வண்ணத்துப்பூச்சிகளுக்கும் இதே பொழிதான் வீடு. எருக்கிலையில் கறுப்பு, மஞ்சள் வளையங்களோடு மேயும் புழு, வெந்தய வரியனாக மாறிப் பறக்கும். ஆவாரை இலையைத் தின்னும் பச்சைப் புழு, வெளிர் மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகும். இந்தப் புழுக்கள் முருங்கைக்கோ கத்தரிக்கோ வருவதில்லை. ஆகவே, பொழியில் புழுவைப் பார்த்ததும் மருந்தைத் தூக்க வேண்டியதில்லை.

வாசலில் என்ன வைக்கலாம்?

இந்தப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளின் வாசலிலும் பூ உண்டு. பாத்திரம் கழுவும் தண்ணீரிலேயே பிழைத்துக்கொள்ளும் செடிகள்தான் நிலைக்கும். நித்தியகல்யாணி, பத்துமணிப்பூ, துளசி, விழுந்த விதையிலேயே திரும்பத் திரும்ப முளைக்கும் கேலார்டியா ஆகியவை எல்லா வாசலுக்கும் ஏற்றவை. துளசியைக் கதிர் கிள்ளாமல் ஒன்றிரண்டு செடி விட்டுவைத்தால் சிறு தேனீக்கள் நாள் முழுக்க மொய்க்கும். நித்தியகல்யாணியில் நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள வண்ணத்துப்பூச்சிகள் தேன் எடுக்கும்.

நர்சரியில் வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அடுக்குப் பூ பார்க்க அழகு. ஆனால், பல அடுக்குப் பூக்களில் மகரந்தக் காம்புகளே இதழ்களாக மாறியிருக்கும். பூச்சிக்கு அதில் கிடைப்பது குறைவு. பத்துமணிப்பூவோ செம்பருத்தியோ, பூச்சிக்காக வைப்பதென்றால் ஒற்றை அடுக்கே நல்லது. காகிதப்பூவில் நிறமாகத் தெரிவது இதழே அல்ல, நிறம் மாறிய இலை. உள்ளே இருக்கும் குறுகிய குழாய்ப்பூ தேனீக்குப் பெரிதாக உதவாது. உண்ணிச்செடி வண்ணத்துப்பூச்சியை இழுக்கும் என்றாலும், பறவை வழியாகப் பரவிக் காட்டையே மூடிவிடும். அதை நடக்கூடாது.

பொழி சுத்தமாகும்போது

பள்ளபட்டியில் இருந்து மூலனூர் நோக்கிப் போகப் போக, இரண்டு விதமான தோட்டங்கள் மாறி மாறி வருகின்றன. ஒன்றில் பொழி நெடுக ஆவாரையும் நொச்சியும். மற்றொன்றில் கல்கால் நட்டுக் கம்பி வேலி போட்டு, பொக்லைன் வைத்து வழித்து, களைக்கொல்லி அடித்துச் செம்மண் பளிச்சென்று தெரியும் பொழி. இரண்டாவது பார்க்கச் சுத்தமாக இருக்கும். 'பண்ணையம் பார்க்கிறவர் தோட்டம்' என்று பேர் கிடைக்கும். ஆனால், அந்தத் தோட்டத்து முருங்கைக்கு வண்டு வேறு யாருடைய பொழியில் இருந்தோதான் வர வேண்டும். ஊரில் எல்லாப் பொழியும் சுத்தமாகிவிட்டால் அப்படி வருவதற்கும் இடம் இருக்காது.

பூ மட்டும் இருந்தால் போதாது, குடியிருக்க இடமும் வேண்டும். கருவண்டுக்குக் காய்ந்த மரக்கிளை, பந்தல் மூங்கில், ரயில் கத்தாழையின் காய்ந்த தண்டு ஆகியவையே வீடு. வட்டமாகத் துளையும், கீழே மரத்தூளும் கிடந்தால் உள்ளே குடித்தனம் நடக்கிறது என்று பொருள். ஒரு பெண் வண்டு வாழ்நாளில் இடும் முட்டைகள் மிகச் சில. ஒவ்வொன்றுக்கும் மகரந்த உருண்டை பிடித்துவைத்துத் தனி அறை கட்டும். ஆகவே, ஒரு கூட்டைக் கொளுத்தினாலோ ஒரு பருவம் விஷமானாலோ, எண்ணிக்கை மீண்டுவர நாளாகும்.

நடவு முறை

ஆவாரையை நாற்றாக வாங்கி நடுவதைவிட விதையாக ஊன்றுவது மேல். ஆணிவேர் அறுபட்டால் தேறாது. விதையின் தோல் கெட்டி; அப்படியே போட்டால் பல விதைகள் முளைக்காமல் கிடக்கும். கொதிக்கவைத்து இறக்கிய வெந்நீரில் போட்டு, அது ஆறியபின் ஓர் இரவு ஊறவிட்டு, புரட்டாசிக் கடைசியில் அல்லது ஐப்பசி முதல் மழையில் ஊன்றலாம். பொழியில் 4 அடிக்கு ஒரு சிறு குழி, குழிக்கு 3 விதை. முளைத்தபின் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒரு குடம் தண்ணீர் விட்டால் போதும். அடுத்த வருடத்தில் இருந்து கவனிப்பு தேவைப்படாது. காய் முற்றியபின் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் புதுத் துளிர் விட்டு அடர்த்தியாகப் பூக்கும். வெட்டிய தழை பசுந்தாள் உரம்.

நொச்சியும் ஆடாதொடையும் பென்சில் பருமன் குச்சியிலேயே வேர் பிடிக்கும். செம்முள்ளியில் முள் இருப்பதால் ஆட்டுத்தொல்லை உள்ள பக்கம் வேலியாகும். கொழுஞ்சி விதையை ஆற்று மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைக்க வேண்டும். அது மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். நாலைந்து வகையைக் கலந்து நடுவதுதான் முக்கியம். ஒன்று ஓயும்போது மற்றொன்று பூக்கும்.

மூன்று சந்தேகங்கள்

*கருவண்டு கொட்டாதா?* ஆண் வண்டுக்குக் கொடுக்கே கிடையாது. முகத்துக்கு நேரே வந்து மிரட்டுவது பெரும்பாலும் அதுதான். பெண் வண்டுக்குக் கொடுக்கு உண்டு. கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய அது கொட்டுவது அரிது.

*வீட்டு உத்தரத்தைத் துளைக்கிறதே?* பெயின்ட் அல்லது எண்ணெய் பூசிய மரத்தை அது பெரும்பாலும் விட்டுவிடும். பெருவிரல் நுழையும் துளை உள்ள காய்ந்த மூங்கில் துண்டுகளைக் கட்டாகக் கட்டி, மழை நனையாத இடத்தில் தோட்டத்துச் சாளையின் கூரையடியில் தொங்கவிட்டால், அங்கே குடியேறும் வாய்ப்பு உண்டு.

*பொழிச் செடியால் பயிருக்குப் பூச்சி வராதா?* துத்தியில் மட்டும் கவனம் தேவை. பருத்தியைத் தாக்கும் மாவுப்பூச்சி அதிலும் தங்கும். பருத்தி, வெண்டை போடும் காட்டின் பொழியில் துத்தியைத் தவிர்த்து, ஆவாரை, நொச்சி, ஆடாதொடையோடு நிறுத்திக்கொள்ளலாம். பயிருக்கு மருந்து அடித்தே ஆக வேண்டிய கட்டாயம் வந்தால், வண்டுகள் அடங்கிய பிறகு சாயங்காலத்தில் அடிக்க வேண்டும். பூக்கும் சமயத்தில், செடிக்குள் ஊடுருவும் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகளைத் தொடக்கூடாது. அவை தேனிலும் மகரந்தத்திலும் கலந்து வண்டுக்குப் போய்ச் சேரும்.

காப்புக் கட்டும் பூ

கொங்குச் சீமையில் போகி அன்று காப்புக் கட்டுவார்கள். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்து வீட்டு வாசலிலும், மாட்டுக் கட்டுத்தறியிலும், தோட்டத்தின் சனி மூலையிலும் செருகுவது வழக்கம். பொங்கல் முடிந்து பூப்பறிக்கும் நோன்புக்குப் பெண்கள் கூடிப் போய்ப் பறித்து வருவதும் ஆவாரம்பூதான். முன்பெல்லாம் தோட்டத்தைச் சுற்றி ஒரு நடை போனால் கை நிறையக் கிடைத்தது. இப்போது மூலனூரிலும் தாராபுரத்திலும் போகிக்கு முந்தின நாள் காப்புக் கட்டு விலைக்கு வருகிறது. பொழி சுத்தமான வீடுகளுக்கு அதை வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பொங்கல் கழிந்ததும் ஆவாரையில் தட்டையான காய்கள் தொங்க ஆரம்பிக்கும். வெயில் ஏற ஏறப் பழுப்பாகிக் காகிதம் போலச் சலசலக்கும். அந்தச் சமயத்தில் ரோட்டோரத்துப் புதரில் இரண்டு பிடி காயைப் பறித்து உலர்த்தி, விதையைத் துணிப்பையில் கட்டி வைத்தால் போதும். ஒரு தோட்டத்துப் பொழிக்குத் தேவையான விதை அதில் இருக்கும். ஐப்பசி மழை வரும்வரை அது கெடாது.